மூன்று தட்டு

கையிலிருந்த ஸ்பேனர் வழுக்கி பானெட்டின் விளிம்பில் ஒரே ஒரு முறை 'டங்'கென்று பட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் கர்ர்ரென்று சுற்றத் தொடங்கியது. விசிறிக்குப் பக்கத்தில் இருந்த கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அரை நொடி தாமதித்திருந்தால் இரண்டு விரலாவது போயிருக்கும். மூச்சு திரும்பிய பிறகுதான் உறைத்தது, கார் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்ஜின் பற்றவில்லை, வெறும் சுற்றல்தான். பதற்றத்தில் அவர் ஸ்பேனரை நழுவவிட்டார். அது பம்பரில் ஒரு முறை, சிமென்ட் தரையில் ஒரு முறை என்று இரண்டு சத்தம் போட்டு விழுந்தது. மோட்டார் நின்றுவிட்டது.

தகர ஷெட்டின் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாலை நாலு மணிதான் ஆகிறது என்றாலும் உள்ளே அந்தி மாதிரி இருட்டியிருந்தது. சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டிருந்தார். மேலே தொங்கிய ஒற்றை பல்பின் வெளிச்சத்தில் பெட்ரோல் வாசனையும் பழைய ரப்பர் வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் கலந்து நின்றன.

"ஸ்விட்சுல கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு. ஈரம். வேறென்ன?" என்று வாய்விட்டே சொன்னார். யாரும் இல்லாத இடத்தில் தன் குரலைக் கேட்பது ஒரு தெம்பு.

பத்தொன்பது வருஷத்துச் சின்னக் கார் அது. காரும் அவரும் ஒரே ரகம் என்று மனைவி கேலி செய்வாள், ரெண்டு பேருமே காலையில் நாலு தடவை இருமாமல் எழுந்திருக்க மாட்டார்கள் என்பாள். எட்டு மாதமாக இந்தக் கார் இருமவும் இல்லை. புது பேட்டரி போட்டாயிற்று. ப்ளக் நாலையும் மாற்றியாயிற்று. எர்த் வயரைச் சுரண்டி, கருகிப்போன செல்ஃபைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டி, தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு பழைய இரும்புக்காரனின் வண்டி வரப்போகிறது. மகள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். காலையில் போனில் அவள் அழாத குறை.

"அப்பா, அதைப் பாத்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது. அம்மா உசுரு போன வண்டிப்பா அது. அதை வச்சுக்கிட்டு என்னப்பா பண்ணப் போறீங்க?"

"ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா?"

"ஆறு மணிக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வச்சுக்குங்க. நான் வாயே திறக்கல. ஆகலைன்னா விட்டுடுங்கப்பா. ப்ளீஸ்."

சரி என்றார். ஏன் அந்தக் காரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பதை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அவர் லிஃப்ட் பழுதுபார்த்தவர். முப்பத்தொரு வருஷம் உயரமான கட்டடங்களின் குழிகளுக்குள் தொங்கி வேலை பார்த்தவர். அந்தக் குழிக்குள் கத்தினால் எதிரொலியில் ஒரு வார்த்தையும் புரியாது. அதனால் அவருடைய ஆட்கள் லிஃப்ட் ஏறி இறங்கும் இரும்புத் தண்டவாளத்தில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் ஓட்டு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா, உள்ளே மாட்டிய ஆளை வெளியே எடுக்க வேண்டும். மூன்று தட்டு கேட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மூன்று தட்டைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

அந்தப் பழக்கத்தைக் காருக்கும் கொண்டுவந்தார். மனைவிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து குரல் எழும்பாது, காதோடு சொல்கிற அளவுக்குத்தான் பேச்சு. அவருக்கோ லிஃப்ட் மோட்டார்களோடு பழகிப் பழகிக் காது பாதி மந்தம். கார் மக்கர் செய்தால் இவர் பானெட்டுக்குள் தலையை விடுவார், அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொள்வாள். ஒரு தட்டு தட்டினால் திருப்புவாள், இரண்டு தட்டினால் விடுவாள். ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் நடுவே அவள் விட்டதே கிடையாது. "மேஸ்திரி" என்று அவளை அவர் கூப்பிட்டதே அதனால்தான். உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுவாள், முடிந்ததும் இவரையே பத்து உத்தரவு போடுவாள். மூன்று தட்டைப் பற்றி அவளுக்குக் கதையாகத்தான் தெரியும். காரில் அதற்கு வேலை வந்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு, ஒரு வெயில் மதியம், இதே ஷெட்டில் அவர் ஒரு தட்டு தட்டினார். அவள் திருப்பினாள். ஸ்பார்க்கைப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. எதிர்வீட்டு வாத்தியாரிடம் டார்ச் வாங்கி வரலாம் என்று ஸ்பேனரை வைத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு தட்டு தட்டினாரா என்பது அவருக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தாள். செல்ஃபிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"நெஞ்சு நின்னுடுச்சு. நொடியில முடிஞ்சிருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் மகள் எழுந்து நடமாடினாள். "போனதும் வந்ததும் ரெண்டு நிமிஷம்மா" என்று இவரும் எல்லோரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

எதிர்வீட்டில் நின்றபோது செல்ஃப் சுற்றுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. இதைத்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டது, எரிச்சல் வந்தது. அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது. அது ஒரே இழுப்பாக ஓடியதா, விட்டு விட்டு ஓடியதா? ஒரே இழுப்பென்றால் உயிர் போன கை சாவியை அழுத்திக்கொண்டே கிடந்திருக்கிறது, டாக்டர் சொன்னது சரி. விட்டு விட்டு என்றால் அவள் கூப்பிட்டிருக்கிறாள். கத்த முடியாதவள். ஹாரனோ ஒரு வருஷமாக வேலை செய்யவில்லை, இவர்தான் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். கருகிய செல்ஃபைப் பிரித்து, கம்பிச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அது கருகித்தான் இருந்தது, எப்படிக் கருகியது என்று சொல்லவில்லை. எட்டு மாதமாக அவர் தூங்காததற்கு இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. காரை இரும்புக்குப் போட்டுவிட்டால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

அவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார்.

"கான்டாக்ட்தான்" என்று மறுபடி சொல்லிக்கொண்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பாசிட்டிவையும் கழற்றினார். அதோடு விடாமல் கிளாம்ப்பைத் தளர்த்தி, பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போது இந்தக் காரில் ஒரு சின்ன விளக்கு எரிவதற்குக்கூட மின்சாரம் கிடையாது. இது அவருக்கு அவர் பெயர் மாதிரி தெரியும்.

பானெட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

கர்ர்ர்ர்.

பெல்ட் ஓடியது, விசிறி சுற்றியது. அதன் காற்று அவர் முகத்தில் பட்டது, குளிர்ந்த காற்று. தரையில் பேட்டரி சும்மா உட்கார்ந்திருந்தது. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, சத்தம் விடவேயில்லை. இரண்டு தட்டு தட்டினார். நின்றது.

பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். பயமும் வந்தது, ஏதோ ஓர் ஆசையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாசனை வந்தது. தைலம். ராத்திரி அவள் தொண்டையில் தடவிக்கொள்கிற தைலம்.

"மேஸ்திரி?"

எழுந்து ஒரு தட்டு தட்டினார். சுற்றியது. இரண்டு தட்டினார். நின்றது. மறுபடி ஒரு தட்டு. மறுபடி இரண்டு. அட்சரம் பிசகவில்லை. அவர் அழுதார். சிரிக்கவும் செய்தார். எட்டு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து, குளியலறையில் அவளுடைய சீப்பை நகர்த்தாமல் வைத்திருந்த மனிதருக்கு, தட்டினால் பதில் வருகிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. பயம் எங்கோ ஓரத்தில்தான் நின்றது. பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் கவனித்தார். சுற்றல் மெதுவாகிக்கொண்டிருந்தது. முதலில் கர்ர்ர் என்று இருந்தது இப்போது கர்... கர்... என்று இழுத்தது. பேட்டரி இறங்கும்போது அப்படித்தான் இழுக்கும். ஆனால் பேட்டரிதான் கீழே இருக்கிறதே. அப்படியென்றால் இறங்குவது எது? யாருடைய தெம்பை இவ்வளவு நேரம் இவர் சுற்றவிட்டார்?

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, மழையில வண்டிக்காரன் கொஞ்சம் லேட்டாகும்னான். ஸ்டார்ட் ஆச்சாப்பா?"

"இல்லம்மா."

"அழறீங்களா?"

"சளி."

"அப்பா... அம்மா ஒரு நொடியில போயிட்டாங்கப்பா. நிம்மதியாப் போயிட்டாங்க. நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. வச்சிடட்டுமா?"

"ம்."

போனைப் பையில் போட்டுவிட்டு அவர் காரின் முன்விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றினார். தகரம் சில்லென்றிருந்தது. திறந்த பானெட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. குனிந்தால் அதன் வழியே ஸ்டியரிங்கும் அதைப் பிடித்த கையும் தெரியும். இவ்வளவு நேரமும் அவர் அந்தப் பக்கம் பார்க்காமலேதான் இருந்தார். இப்போதும் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அன்னைக்கு... என்னைக் கூப்பிட்டியா?"

மழை சட்டென்று ஓய்ந்தது. நின்றுபோன கடிகாரத்தைப் போல எல்லாம் அமைதியாகிவிட்டது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

அவர் எதையும் தட்டவில்லை.

கர். கர். கர்.

மூன்று முறை. சின்னதாக, தனித்தனியாக.

பிறகு இடைவெளி. பிறகு மறுபடி.

கர். கர். கர்.

"ஐயோ" என்றார். எட்டு மாதமாக அடைந்து கிடந்த காது அப்போது திறந்துகொண்டது. எதிர்வீட்டில் இருந்தபோது கேட்டது இதேதான். மூன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி. கதையாகக் கேட்டதை ஞாபகம் வைத்திருந்து, கத்த வழியில்லாமல், அவருக்குப் புரிகிற ஒரே பாஷையில் அவள் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு நொடி இல்லை. ஒரு நொடியே இல்லை.

கர்... கர்... கர்...

கடைசிச் சுற்று பாதியில் இழுத்தது. முப்பத்தொரு வருஷத்துப் பழக்கம் மூளையைக் கேட்கவில்லை, கால்கள் தானே ஓடின. பேட்டரியில் இடறினார், முழங்கால் தரையில் மோதியது, எழுந்தார். ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்து இழுத்தார். "வந்துட்டேன். வந்துட்டேன்டி. இரு."

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருந்தது, குள்ளமானவர்கள் உட்காருவது போல. தைல வாசனை குப்பென்று அடித்தது. சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். அவர் அதில் கையை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தார். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. இத்தனை வருஷத்தில் காரைப் பழுதுபார்க்கையில் ஒருநாள்கூட அவர் இந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. இங்கிருந்து பார்த்தால் தூக்கிய பானெட் முன்கண்ணாடியை முழுக்க மறைத்துவிடும் என்பதும், அடியில் அந்த நாலு விரல் இடைவெளி மட்டும்தான் உலகம் என்பதும் அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

வெப்பம். உள்ளே திடீரென்று வெப்பம். மழைக்காலத்து வெப்பம் இல்லை அது. பக்கக் கண்ணாடியில் தெரிந்த ஷட்டருக்கு அடியில் வெள்ளை வெளேரென்று மதிய வெயில் தரையில் விழுந்து கிடந்தது.

இடைவெளியில் ஏதோ அசைந்தது.

கைகள். இரண்டு கைகள், கிரீஸ் படிந்தவை. வலது கட்டைவிரலில் நகம் இல்லை. லிஃப்ட் கதவில் நசுங்கிப் போன நகம். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். மறுபடி இடைவெளியைப் பார்த்தார்.

அந்தக் கை ஸ்பேனரை எடுத்தது. பானெட்டில் ஒரு தட்டு தட்டியது.

அவருடைய கை சாவிக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. திருப்பினார். திருப்பாமல் இருக்க முடியவில்லை.

கர்ர்ர்ர்.

இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. "ச்சே, ஒண்ணும் தெரியல" என்று வெளியே ஒரு முணுமுணுப்பு. அவருடைய குரல். ஸ்பேனரை வைக்கும் சத்தம். இடைவெளியிலிருந்து கைகள் மறைந்தன. செருப்புச் சத்தம் ஷட்டரை நோக்கி நடந்தது.

அப்போது நெஞ்சுக்குள் ஒரு பிடி இறுகியது. இடது தோளிலிருந்து தாடைவரை இழுத்தது. "இரு" என்று கத்தினார். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. கதவைத் தள்ளினார். கையில் பலம் இல்லை. ஹாரனை அழுத்தினார். ஒன்றும் இல்லை. இருந்தது சாவி ஒன்றுதான்.

சாவியை விட்டு விட்டு மூன்று முறை திருப்பினார்.

ஷட்டருக்கு அந்தப் பக்கம், வெயிலில், முழங்கால் வரைக்கும் இரண்டு கால்கள் தெரிந்தன. அவை நின்றன.

திரும்புவான். முப்பத்தொரு வருஷம். திரும்பிவிடுவான்.

மூன்று முறை.

"பைத்தியக்காரி, செல்ஃபை எரிச்சுத் தொலைக்கப் போறா" என்றது அந்தக் குரல், எதிர்வீட்டைப் பார்த்து, சிரித்துக்கொண்டே.

"விடுங்க சார். வாங்க, உக்காருங்க" என்றார் வாத்தியார்.

கால்கள் தெருவைக் கடந்தன. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

மூன்று முறை.

ரெண்டு நிமிஷம். போனதும் வந்ததும் ரெண்டு நிமிஷம். அவர் எண்ணினார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. கை மரத்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. ஐந்து. நெற்றி தானாகச் சாய்ந்து ஸ்டியரிங்கில் முட்டியது. அந்த நிலையிலும் பக்கக் கண்ணாடி வழியே ஷட்டரின் அடியும், தெருவும், எதிர்வீட்டு வாசலும் தெரிந்தன. ஏழு. எட்டு.

மூன்று முறை.

எதிர்வீட்டு நாற்காலியில் அந்தக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. மேலே இருந்த கால், செருப்பை விரல்நுனியில் தொங்கவிட்டபடி, சாவகாசமாக ஆடத் தொடங்கியது.